கனீஸத்துல் கியாமா: ஒரு திறவுகோலின் வரலாறு

பைத்துல் முகத்தஸ் நகருக்குச் செல்லும் நம்மவர்களின் கால்கள் மஸ்ஜிதுல் அக்ஸாவையும் குப்பத்துஸ் ஸக்ராவையும் நாடியே விரைகின்றன. அது இயல்பே. ஆனால் அதே பழைய நகரின் மதிலுக்குள், ஹரம் ஷரீஃபிலிருந்து மேற்கே சிறிது நேரம் நடந்தால், உலகக் கிறிஸ்தவர்களுட் பெரும்பாலோர் தம் சமயத்தின் தலையாய தலமாகக் கருதும் தேவாலயம் ஒன்று நிற்கிறது. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் அதனைக் கனீஸத்துல் கியாமா, அதாவது உயிர்த்தெழுதலின் ஆலயம் என்பர். மேனாட்டார் அதனைத் திருக்கல்லறை ஆலயம் என்று அழைக்கின்றனர். வழிகாட்டிகள் நாள்தோறும் பயணிகளைக் குழுக்குழுவாக அழைத்துச் சென்று அதனைச் சுற்றிக் காட்டுகின்றனர். அவர்கள் கூறும் செய்திகளுள் ஒன்று கேட்போரைத் திகைக்க வைக்கும். இவ்வாலயத்தின் திறவுகோல் முஸ்லிம்களின் கையில் இருக்கிறது என்பதே அச்செய்தி.

இதனைக் கேட்டதும் முஸ்லிம் பயணியின் உள்ளத்தில் பெருமிதம் பிறப்பதில் வியப்பில்லை. ஆயினும், அப்பெருமிதம் எந்த அளவுக்குத் தக்கது? வழிகாட்டி ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் அச்செய்திக்குப் பின்னே பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நாம் நெஞ்சு நிமிர்த்திக் கூறத்தக்கதும் உண்டு. தலைகுனிந்து கேட்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

வாயிலும் உள்ளும்

தெற்கே உள்ள ஒரு சிறு முற்றத்தின் வழியாகவே ஆலயத்துள் நுழைய வேண்டும். முற்றத்தில் நின்று நோக்கினால், சிலுவைப் போர்க்காலத்து முகப்பில் அருகருகே இரு வாயில்கள் தெரியும். ஒன்று திறந்திருக்கும், மற்றொன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்வைத்து அடைக்கப்பட்டது. அவ்வாயில்களுக்கு மேலுள்ள சாளரத்தின் அடியில் ஒரு சிறு மர ஏணி சாய்ந்திருக்கக் காணலாம். 18ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலேயே அந்த இடத்தில் ஏணி காணப்படுகிறது. அதனை எடுக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழாதிருக்கும் பொருட்டு யாரும் எடுக்காமல் விட்டிருக்கின்றனர். ஆலயத்தின் இரு மருங்கிலும் இரண்டு பள்ளிவாசல்களின் மினாராக்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒன்று தெற்கிலுள்ள உமர் பள்ளிவாசலுக்குரியது. மற்றொன்று சுல்தான் ஸலாஹுத்தீன் நிறுவிய ஸூஃபிகளின் கான்காவுக்குரியது.

உள்ளே காலெடுத்து வைத்ததும் தரையில் ஒரு செந்நிறக் கற்பலகை. ஈஸா (அலை) அவர்களின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசிய இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பி, அதன்மேல் மண்டியிட்டு முகம் வைக்கின்றனர். இப்போதுள்ள பலகை 1810ஆம் ஆண்டில் பதிக்கப்பட்டது. வலப்புறம் செங்குத்தான படிகளில் ஏறினால், சிலுவை நாட்டப்பட்டதாக அவர்கள் கூறும் கொல்கொதாப் பாறை. அங்கே கிரேக்கர்களுக்கு ஒரு பீடமும் இலத்தீனியர்களுக்கு ஒரு பீடமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. இடப்புறம் சென்றால், பெரிய குவிமாடத்தின் கீழே கல்லறையை உள்ளடக்கிய சிறு பளிங்கு மண்டபம். கீழே இறங்கும் வழியில், பேரரசர் கான்ஸ்டன்டைனின் அன்னை ஹெலெனாவின் பெயரால் அமைந்த நிலவறைக் கோயில். அதற்குச் செல்லும் சுவர்களெங்கும் பழங்காலப் பயணிகள் செதுக்கிய சிறு சிறு சிலுவைகள் நூற்றுக்கணக்கில் காணப்படும்.

இங்கே முஸ்லிமின் நிலை என்ன என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். ஈஸா (அலை) அவர்களை நாம் அல்லாஹ்வின் தூதர் என்று ஏற்றுப் போற்றுகிறோம். ஆனால் சிலுவை நிகழ்வைத் திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 157ஆம் வசனம் மறுக்கிறது. ஆகவே இவ்வாலயம் எந்த நிகழ்வின் நினைவாக எழுந்ததோ அந்த நிகழ்வே நம் நம்பிக்கையில் இல்லை. நம்பிக்கையில் ஒன்றுபடாத ஒருவரின் வணக்கத் தலத்தைக் காக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்தால் நாம் எவ்வாறு நடப்போம் என்ற வினா அங்கேதான் எழுகிறது. ஒத்த கருத்துடையவரின் பொருளைக் காப்பது எளிது; மாறுபட்ட கருத்துடையவரின் பொருளைக் காப்பதில்தான் அமானிதத்தின் உண்மை வெளிப்படும்.

ரோமர் காலம் முதல் உமர் (ரலி) வரை

பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆணைப்படி 326ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கப்பட்ட ஆலயம் 335இல் திருநிலை செய்யப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில், ஹேட்ரியன் என்னும் ரோமப் பேரரசன் எழுப்பிய கோயில் இருந்தது. 614இல் பாரசீகப் படைகள் நகரைக் கைப்பற்றியபோது ஆலயம் தீக்கிரையாயிற்று. ரோமர்கள் பாரசீகரிடம் தோற்றதையும், மீண்டும் அவர்கள் வெல்லவிருப்பதையும் சூரத்துர் ரூமின் தொடக்கம் குறிப்பிடுவதை நாம் ஓதி வருகிறோம். அந்தத் தோல்வியின் தழும்புகளுள் ஒன்று இவ்வாலயத்தின் அழிவு. அந்த வெற்றியின் விளைவுகளுள் ஒன்று, 630இல் ஹெராக்ளியஸ் பேரரசர் பாரசீகரிடமிருந்து மீட்ட சிலுவையை இந்நகருக்குக் கொணர்ந்தது.

ஹிஜ்ரி 16ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 637-38இல், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நகரைப் பொறுப்பேற்க நேரில் வந்தார்கள். அவர்களை வரவேற்றவர் ஸொஃப்ரோனியஸ் என்னும் கிறிஸ்தவத் தலைமைக் குரு. நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட உடன்படிக்கை ஒன்றை இமாம் தபரீ தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தேவாலயங்கள் குடியிருப்புகளாக்கப்படா, இடிக்கப்படா, அவற்றின் உடைமைகள் குறைக்கப்படா என்பது அதன் சாரம்.

ஆலயத்தில் உமர் (ரலி) அவர்கள் தொழ மறுத்த நிகழ்ச்சி நம்மவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால் அதனை விரிவாக எழுதிவைத்தவர் யார் என்பதைப் பலர் அறியார். அவர் முஸ்லிம் அல்லர். ஸயீத் இப்னு பித்ரீக் என்ற பெயருடைய கிறிஸ்தவர். அலெக்சாந்திரியாவின் தலைமைக் குருவாக இருந்து 940ஆம் ஆண்டில் காலமானவர், மருத்துவர், அரபியில் உலக வரலாறு எழுதியவர். அவர் கூறுவது இது: தொழுகை வேளை வந்ததும் ஸொஃப்ரோனியஸ் ஆலயத்துள்ளேயே தொழுமாறு வேண்டினார். கலீஃபா மறுத்து, வெளியே வந்து, கிழக்கு வாயிலின் படிகளில் தனியே தொழுதார். உள்ளே தொழுதிருந்தால், உமர் தொழுத இடம் என்று காரணம் காட்டிப் பின்வரும் முஸ்லிம்கள் இதனை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வர் என்று விளக்கமும் கூறினார். அத்துடன் நில்லாமல், அப்படிகளில் முஸ்லிம்கள் கூட்டாகத் தொழலாகாது, அங்கே பாங்கு சொல்லலாகாது என்று எழுத்து மூலமும் அளித்தார்.

அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பெரியார் அஞ்சியது பகைவரை அன்று, தம்மவரையே. வெற்றி பெற்றவன் தன் பின்னால் வருவோரின் பேராசையை முன்னறிந்து, தன் வணக்கத்தையே பிறர் உரிமைக்குக் கேடாகாதவாறு நகர்த்தி வைத்துக்கொண்டான் என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

அச்சம் மெய்யானது

கலீஃபாவின் அச்சம் வீண்போகவில்லை. அதே ஸயீத் இப்னு பித்ரீக், தம் காலத்தில் முஸ்லிம்கள் அந்த எழுத்தை மீறி, வாயில் மண்டபத்தின் ஒரு பாதியை எடுத்துப் பள்ளிவாசலாக்கினர் என்றும் எழுதுகிறார். நம்மவர்கள் முதற்பகுதியை மட்டும் மேடைகளில் முழங்கிவிட்டு, இப்பகுதியை விட்டுவிடுகிறோம். ஒரே ஆசிரியர், ஒரே நூல். ஒன்றை நம்புவோர் மற்றதை மறைப்பது நேர்மையாகாது. அந்தக் கிழக்கு வாயில் இருந்த பகுதியில், பள்ளிவாசலைக் குறிப்பிடும் கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒன்று 1897இல் கிடைத்தது.

இங்கே பயணிகளுக்கு ஒரு குறிப்பு. இன்று முற்றத்தின் எதிரே தெற்கில் உள்ள உமர் பள்ளிவாசலைக் காட்டி, கலீஃபா தொழுத இடம் இதுவே என்று சொல்வோர் உண்டு. அப்பள்ளிவாசல் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்-அஃப்ளலால் 1193இல் கட்டப்பெற்றது. கலீஃபாவின் காலத்தில் ஆலயத்தின் தலைவாயில் கிழக்கே இருந்தது. பின்னாளைய இடிபாட்டுக்கும் மறுகட்டுமானத்துக்கும் பிறகே தெற்கு வாயில் தலைவாயிலாயிற்று. அதன் பின்னரே நினைவும் இடம் பெயர்ந்து தெற்கே வந்தது.

பத்தாம் நூற்றாண்டிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நேர்ந்தவை இன்னும் கசப்பானவை. 966இல் பைஸாந்தியருடன் நடந்த போர்களின் வெறி நகருக்குள் பரவி, ஆலயம் எரிக்கப்பட்டது. தலைமைக் குரு கொல்லப்பட்டார். 1009இல் ஃபாத்திமிய மன்னன் அல்-ஹாகிமின் ஆணையால் ஆலயம் அடித்தளம்வரை இடிக்கப்பட்டது. இடிக்க இயலாத பகுதிகளே எஞ்சின. அவன் மகன் காலத்தில் 1027இல் பைஸாந்தியருடன் உடன்படிக்கை ஏற்பட்டது; பேரரசர் கான்ஸ்டன்டைன் மோனோமாகஸ் காலத்தில், 1048ஆம் ஆண்டையொட்டி மறுகட்டுமானம் நிறைவுற்றது. அக்காலத்தில், 1047இல் அங்கே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அவ்வாலயம் எண்ணாயிரம் பேர் கொள்ளத்தக்கது என்று தம் பயண நூலில் வியந்து எழுதினார்.

அந்நாளைய அரபு நூல்களைப் பயில்வோர் கண்களில் படும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கியாமா என்றால் எழுதல். அதில் ஓர் எழுத்தை மாற்றினால் குமாமா. குப்பை என்பது பொருள். நம் நிலநூலார் பலரும் இவ்வாலயத்தைக் குமாமா என்றே எழுதிச் சென்றனர். பைத்துல் முகத்தஸிலேயே பிறந்த அல்-முகத்தஸீயும் அச்சொல்லையே ஆள்கிறார். அதே மூச்சில், இதன் குவிமாடத்தின் எழில் முஸ்லிம்களின் உள்ளத்தைக் கவர்ந்துவிடும் என்று அஞ்சியே கலீஃபா அப்துல் மலிக் குப்பத்துஸ் ஸக்ராவைக் கட்டினார் என்றும் கூறுகிறார். இரு குவிமாடங்களின் விட்டமும் ஏறத்தாழ 20 மீட்டர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. குப்பை மேடாய்க் கிடந்த ஹரம் நிலத்தைத் தம் கையாலேயே கூட்டித் துப்புரவாக்கினார்கள் உமர் (ரலி) அவர்கள் என்று நம் வரலாறு பேசுகிறது. பிறர் தலத்துக்குக் குப்பை என்று பெயர் சூட்டியது அவர்களின் வழியன்று.

ஸலாஹுத்தீனின் தீர்ப்பு

1099 ஜூலை 15ஆம் நாள் சிலுவைப் போர்ப்படை நகரைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்தது. குப்பத்துஸ் ஸக்ரா தேவாலயமாயிற்று. மஸ்ஜிதுல் அக்ஸா முதலில் அரண்மனையாகவும் பின்னர்ப் போர்த்துறவிகளின் பாசறையாகவும் ஆயிற்று. இன்று நாம் காணும் கனீஸத்துல் கியாமாவின் உருவம் பெரிதும் அவர்கள் கட்டி 1149இல் திருநிலை செய்ததேயாகும்.

88 ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 583 ரஜப் 27, கி.பி. 1187 அக்டோபர் 2ஆம் நாள் வெள்ளிக்கிழமை, ஸலாஹுத்தீன் நகரை மீட்டார். பழிக்குப் பழி வாங்க வேண்டும் என்ற குரல் அவர் அவையில் எழாமலில்லை. ஆலயத்தை இடித்துவிட்டால் ஐரோப்பியர் மீண்டும் வரமாட்டார் என்று சிலர் வாதிட்டதை, உடனிருந்த அறிஞர் இமாதுத்தீன் அல்-இஸ்ஃபஹானீ எழுதிவைத்துள்ளார். கட்டடம் அன்று, அந்த இடமே அவர்களின் வணக்கத்துக்குரியது. இடித்தாலும் வருவர் என்று மற்றவர்கள் மறுத்தனர். உமர் (ரலி) அவர்கள் விட்டுவைத்ததை நாம் இடிப்பதா என்ற கேள்வியே முடிவை உறுதிப்படுத்தியது. ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு முன் படிகளில் தொழுத ஒரு தொழுகை, அந்நாளில் ஓர் ஆலயத்தைக் காத்தது.

திறவுகோல்

இனித் திறவுகோலுக்கு வருவோம். அதற்குரியவை இரு குடும்பங்கள். ஜவ்தா குடும்பத்தார் திறவுகோலை வைத்துக் காப்போர். நுஸைபா குடும்பத்தார் கதவைத் திறந்து மூடுவோர். உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குக் கேடயமாய் நின்ற ஸஹாபிப் பெண்மணி நுஸைபா (ரலி) அவர்களின் பெயரோடு தம் குடும்பப் பெயரை இணைத்து, உமர் (ரலி) காலம் முதலே இப்பணி தமக்குரியது என்று பின்னவர் கூறுவர். ஸலாஹுத்தீன் காலத்தில் தமக்கு அளிக்கப்பட்டது என்பது முன்னவர் வழிவழிக் கூற்று.

நாள்தோறும் நடைபெறும் முறை இது. மாலையில் பயணிகள் வெளியேறியபின், துறவிகள் உள்ளே இருக்க, கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். கதவில் மேலும் கீழுமாக இரு பூட்டுகள் உள்ளன. மேற்பூட்டை எட்ட ஒரு சிறு ஏணி வேண்டும். பூட்டியபின் அந்த ஏணியைக் கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே உள்ளிருக்கும் துறவியிடம் கொடுத்துவிடுவர். விடியலில் துறவி அதனை வெளியே நீட்டினால்தான் திறக்க இயலும். ஆக, திறவுகோல் வெளியே முஸ்லிமிடம். ஏணி உள்ளே கிறிஸ்தவரிடம். ஒருவரின்றி ஒருவர் கதவைத் திறக்க முடியாது.

இம்முறை ஏன் ஏற்பட்டது? வழிகாட்டிகள் ஒரே வாக்கில் விடை கூறுவர்: கிறிஸ்தவப் பிரிவுகளுக்குள் ஒற்றுமை இல்லை, ஆகவே நடுநிலையாளரான முஸ்லிமிடம் திறவுகோல் தரப்பட்டது என்று. இதில் உண்மை உண்டு. கிரேக்கர், இலத்தீனியர், ஆர்மீனியர், கிப்தியர், சிரியர், அபிசீனியர் என ஆறு பிரிவினர் இவ்வாலயத்தில் உரிமை கொண்டாடுகின்றனர். ஆனால் இது முழு உண்மையன்று. வாயிலைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் அரசுகள், உள்ளே நுழையும் கிறிஸ்தவப் பயணியரிடம் பல நூற்றாண்டுகள் கட்டணம் தண்டின. திறவுகோல் கண்ணியத்துக்குரியதாய் இருந்ததோடு வருவாய்க்கும் உரியதாய் இருந்தது. 1831இல் எகிப்தின் முஹம்மத் அலீ பாஷாவின் படை ஷாம் நாட்டைக் கைக்கொண்ட பிறகே அக்கட்டணம் ஒழிந்தது. வருவாய் போனபின்னும் பணி தொடர்கிறது என்பதுதான் இக்காலத்துக் காவலர்களுக்கு உரிய பெருமை.

பிரிவுகளின் வழக்கு முற்றியபோது, உதுமானியச் சுல்தான் அப்துல் மஜீது 1852இல் ஓர் அரசாணை பிறப்பித்து, அன்று யார் யாருக்கு எது எது உரிமையோ அது அவ்வாறே நிற்க என்று நிலைநிறுத்தினார். 1853இல் தொடங்கிய கிரிமியப் போருக்கு, இத்தலங்களின் உரிமை குறித்து ருஷியாவும் பிரான்சும் கொண்ட பூசலும் ஒரு காரணம். 1878இன் பெர்லின் உடன்படிக்கை அந்நிலையை உறுதி செய்தது. 1917இல் ஆங்கிலேயர், 1948இல் ஜோர்தானியர், 1967இல் இஸ்ரவேலர் என்று நகரின் ஆட்சி கைமாறிய போதும் திறவுகோல் கைமாறவில்லை.

ஆணை அமைதியை முழுதும் தந்துவிடவில்லை. 2002இல் கூரைமேல் ஒரு கிப்தியத் துறவி தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தியதால் அபிசீனியருடன் கைகலப்பு நேர்ந்து, பலர் மருத்துவமனை சென்றனர். 2008இல் கிரேக்கரும் ஆர்மீனியரும் உள்ளேயே மோதிக்கொண்டனர். ஆயினும் அவர்களே ஒன்றுபட்டுச் செய்ததையும் சொல்லாதிருத்தல் ஆகாது. சிதைந்து கொண்டிருந்த கல்லறை மண்டபத்தை, 1947இல் ஆங்கிலேயர் இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்து வைத்திருந்தனர். கிரேக்கரும் இலத்தீனியரும் ஆர்மீனியரும் உடன்பட்டு, ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு 2016இல் பணி தொடங்கி 2017 மார்ச்சில் முடித்தனர். ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லாஹ்வும் அதற்குப் பொருளுதவி செய்தார். மண்டபத்தின் உட்புறச் சாந்தை ஆய்ந்தபோது, அது கான்ஸ்டன்டைன் காலத்ததாகிய நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது எனத் தெரிந்தது.

நமக்குள்ள பாடம்

நாற்காலிக்கும் ஏணிக்கும் அவர்கள் சண்டையிட்டதைக் கேட்டு நகைக்க நமக்கு உரிமை இல்லை. நம் ஊர்களில் முத்தவல்லிப் பொறுப்புக்காக இரு அணியாய்ப் பிரிந்து, பள்ளிவாசல் சாவியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறிய ஜமாஅத்துகள் இல்லையா? தொழும் இடத்துக்கே முத்திரை வைக்கப்பட, தெருவில் நின்று தொழுத ஜும்ஆக்கள் இல்லையா? அன்னியரின் ஆலயத் திறவுகோலை அமானிதமாய்க் காத்தோம் என்று பேசும் வாயால், அல்லாஹ்வின் இல்லத்துச் சாவியை ஆதிக்கப் பொருளாக்குவது எவ்வகையில் பொருந்தும்?

திறவுகோல் பற்றிய பாடம் நமக்குப் பைத்துல் முகத்தஸுக்கு முன்பே மக்காவில் கற்பிக்கப்பட்டது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோல் அண்ணலாரின் கையில் இருந்தது. தம் குடும்பத்தார் அதனை விரும்பிக் கேட்டும், பழைய காவலராகிய உஸ்மான் இப்னு தல்ஹா அவர்களிடமே அதனைத் திருப்பித் தந்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயம் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்தே விளக்குகின்றனர். இன்றும் கஅபாவின் திறவுகோல் அக்குடும்பத்தாரான பனூ ஷைபாவிடமே இருக்கிறது. மேலும், அல்ஹஜ் அத்தியாயம் 40ஆம் வசனம், காக்கப்பட வேண்டிய வணக்கத் தலங்களை எண்ணும்போது துறவியர் மடங்களையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் யூதர்களின் ஆலயங்களையும் கூறிய பின்னரே மஸ்ஜிதுகளைக் கூறுகிறது. அந்த வரிசையை ஓதுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, கனீஸத்துல் கியாமாவைக் காணச் செல்லும் முஸ்லிம் அங்கே விருந்தினரைப் போல் அமைதி காக்கட்டும். தன் கொள்கையை மறைக்கவும் வேண்டாம். மண்டியிட்டு அழுது கொண்டிருக்கும் மூதாட்டியின் காதுபட வாதிடவும் வேண்டாம். வழிகாட்டி திறவுகோலின் கதையைச் சொல்லும்போது உள்ளம் பூரிக்கட்டும். அதே வேளையில் 966ஐயும் 1009ஐயும் நினைவில் வைக்கட்டும். உமர் (ரலி) அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது திறவுகோலை வைத்திருக்கும் உரிமையை மட்டுமன்று. உள்ளே நுழைந்து உரிமை கொண்டாட முடிந்த நேரத்தில், வெளியே படியில் நின்றுகொள்ளும் பண்பையும் விட்டுச் சென்றார்கள். முதலாவதை ஒரு நகரின் இரு குடும்பங்களே பெற்றுள்ளன. இரண்டாவது நம் ஒவ்வொருவருக்கும் உரியது.